பழைய லோடு வேனில் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

மாசி பிறந்தால் முந்திரி, பங்குனி பிறந்தால் பலா. முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர், பண்ருட்டி வட்டார விவசாயிகளுக்கு அடுத்த நான்கு மாதம் ஓய்வில்லை. வெட்டிய பலாவை நேரத்தோடு பண்ருட்டி மண்டியில் சேர்த்தால்தான் விலை கிடைக்கும். அந்த நேரத்தில் வீட்டில் நிற்கும் பழைய லோடு வேன் மக்கர் செய்தால், வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்திலேயே லாபம் கரைந்துவிடும்.

பழைய வண்டியில் பாகத்தை மாற்றுவது பெரிய வேலை அல்ல. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. நூறு ரூபாய் ரப்பர் புஷ்ஷை மாற்றப் போய், போல்ட்டை முறித்து, வெல்டிங் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் நிலை வரக்கூடாது. துருப்பிடித்த போல்ட்டைப் பலத்தால் மட்டும் கழற்ற முயன்றால் போல்ட்தான் முறியும். முதலில் ஊறவிட வேண்டும், பிறகு அதிர வைக்க வேண்டும், தேவைப்பட்டால் சூடேற்ற வேண்டும். பலம் கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் பெரும்பாலான போல்ட்டுகள் முழுதாகக் கழன்று வரும்.

போல்ட் ஏன் இறுகிக்கொள்கிறது?

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடுகிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவில் இருப்பது மிக நுண்ணிய இடைவெளி. அந்த இடத்தில் துரு உப்பிக்கொண்டு ஆப்பு அடித்ததுபோல் நிற்கிறது. நட்டு சுற்ற இடமில்லை. அதனால்தான் ஸ்பேனரை அழுத்தினால் நட்டு நகராமல் போல்ட்டின் கழுத்து முறுக்கிக்கொண்டு போகிறது.

விவசாயிகளின் வண்டிக்குத் துரு சீக்கிரம் வருவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் உரம். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு வகை உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட், காம்ப்ளக்ஸ் உரத்தூள் எல்லாம் பலகை இடுக்கு வழியே சேஸியில் இறங்கும். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் போல்ட் நனைந்தே இருக்கும். இரண்டாவது, முந்திரிப் பழச்சாறு. அதன் புளிப்பும் இரும்புக்கு ஆகாது. மூன்றாவது, நீங்கள் வாங்கிய பழைய வண்டியின் பூர்வீகம். கடலூர் கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால், ஐஸ் தண்ணீரோடு உப்பும் அடிப்பாகம் முழுவதும் இறங்கியிருக்கும். பழைய வண்டி வாங்கும்போது என்ஜின் சத்தத்தைக் கேட்பதோடு, முன்பு அதில் என்ன ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள்.

எதை நீங்கள் கழற்றலாம், எதை விட்டுவிட வேண்டும்?

பலகை, மட்கார்டு, பம்பர், சீட், சைலன்சர் கிளாம்ப், பேட்டரி தட்டு, ஸ்டெப்னி தாங்கி ஆகியவற்றின் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் பொறுமையும் கருவியும் இருந்தால் நீங்களே கழற்றலாம்.

பிரேக் பைப் நட்டு, பிரேக் காற்று எடுக்கும் நிப்பிள், ஸ்டியரிங் ராடு, டீசல் அல்லது பெட்ரோல் டேங்க், எரிபொருள் பைப், என்ஜினின் அலுமினியப் பகுதியில் இறங்கும் போல்ட் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். அவை மெக்கானிக்கின் வேலை. பிரேக் பைப்பின் நட்டு துருப்பிடித்திருந்தால், நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வெளியே தெரியாத விரிசலோடு வண்டி ஓடி, பாரம் ஏற்றிய ஒரு நாளில் பிரேக் பிடிக்காமல் போகலாம். மிச்சமாகும் கூலி அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

வண்டிக்கு அடியில் போகும் முன்

போல்ட் முறிவதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி உங்கள் மேல் இறங்குவது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

* சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.
* நம் பகுதியின் செம்மண் தரை மழை பெய்தால் இளகிவிடும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள்.
* தூக்கியதும் சேஸிக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு வையுங்கள். அது இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைக்கவே கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.
* கழற்றிய சக்கரத்தைச் சேஸிக்கு அடியில் படுக்க வையுங்கள். வண்டி நழுவினாலும் அது தாங்கும்.
* கண்ணாடி அணியுங்கள். படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது துருத்தூள் நேராகக் கண்ணில் விழும்.
* தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிடும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

துருப்பட்ட இரும்பு கிழித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. வயலுக்குப் போய்வரும் வண்டியின் அடிப்பாகத்தில் இரண்டும் ஒட்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும் முறை

1. சுத்தம் செய்யுங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில்தான் மண்ணும் துருவும் அதிகம். கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுங்கள். சுத்தம் செய்யாமல் சுற்றினால், அந்தத் துருவை நட்டு தனக்குள் இழுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும்.

2. எண்ணெயில் ஊறவிடுங்கள். கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் ஸ்பிரே நல்லது. அது கிடைக்காதபோது டீசலையோ மண்ணெண்ணெயையோ கொஞ்சம் என்ஜின் ஆயிலோடு கலந்து பயன்படுத்தலாம். கெட்டியான கிரீஸும் கியர் ஆயிலும் இதற்கு உதவாது, அவை இடுக்கில் இறங்காது. முந்தின நாள் காலை, மாலை, இரவு என மூன்று முறை விட்டு, மறுநாள் காலையில் கழற்றுங்கள். போல்ட் நிற்கும் திசையைப் பார்த்து, மேலிருந்து கீழே எண்ணெய் இறங்கும்படி விடுங்கள்.

3. அதிர வையுங்கள். போல்ட் தலையின் மேல் ஒரு கம்பியை நேராக வைத்துச் சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை அளவாகத் தட்டுங்கள். நட்டின் பக்கவாட்டில் தட்டுவதாக இருந்தால், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கனமான சுத்தியலை அண்டக் கொடுங்கள். மரையின் நுனியில் நேராக அடிக்காதீர்கள். நுனி மழுங்கினால் நட்டு வெளியே வராது. தட்டும்போது துருவில் விரிசல் விழும், அதன் வழியே எண்ணெய் உள்ளே போகும். தட்டிய பிறகு இன்னொரு முறை எண்ணெய் விடுங்கள்.

4. சரியான ஸ்பேனரைப் போடுங்கள். 8 மி.மீ. போல்ட்டின் தலை மாருதி ஆம்னி போன்ற வண்டிகளில் 12 மி.மீ. இருக்கும், வேறு வண்டிகளில் 13 மி.மீ. இருக்கும். 12 தலைக்கு 13 ஸ்பேனர் போட்டால் உட்கார்ந்ததுபோல் தெரியும், அழுத்தினால் முனைகளை மழுக்கிவிடும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட்தான் வேண்டும். அதிலும் ஆறு முனை சாக்கெட் பன்னிரண்டு முனை சாக்கெட்டைவிட நன்றாகப் பிடிக்கும்.

5. முதலில் கொஞ்சம் இறுக்குங்கள். கழற்றத்தானே போகிறோம், ஏன் இறுக்க வேண்டும் என்று தோன்றும். இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு நகர்ந்தாலும் துருவின் பிடி உடையும். அதன்பின் கழற்றும் திசையில் திருப்புங்கள். கால் சுற்று வந்ததும் ஒரேயடியாகச் சுற்றாமல், எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று நகர்த்துங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் நல்லது, துரு உடைகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர்போல் மெத்தென்று நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள். மரை சுற்றவில்லை, போல்ட் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். மறுபடி எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்.

6. சூடேற்றுங்கள். மேலே சொன்ன எதற்கும் அசையாவிட்டால்தான் சூடு. நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால் துளை பெரிதாகும். 12 மி.மீ. துளை உள்ள நட்டை 200 டிகிரி சூடாக்கினால் துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். தலைமுடி அளவுகூட இல்லாத இந்த விரிவே துருவின் பிடியை உடைக்கப் போதும். சூடு ஆறும்போது மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு இடுக்கில் இறங்கி வழுக்கலைக் கொடுக்கும்.

சூடேற்றும் முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். நீங்கள் ஊற்றிய டீசலும் ஸ்பிரேயும் தீப்பிடிப்பவை. சூடான இரும்பின் மேல் எண்ணெய் ஊற்றவும் கூடாது. டேங்க், எரிபொருள் பைப், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், டயர், ஒயர், கேஸ் கிட் ஆகியவற்றின் அருகில் நெருப்பே வேண்டாம். வெள்ளை முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வரும். திறந்த வெளியில், காற்று வீசும் பக்கத்தில் நின்று செய்யுங்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும்.

கை எட்டாத இடத்தில் இருந்தால்

மாருதி ஆம்னி, டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் என்ஜின் முன் சீட்டுக்குக் கீழே அடங்கியிருக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ் கிராமங்களில் இன்றும் நிறைய ஓடுகிறது. ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டதால், இனி நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ஆம்னியும் பழைய வண்டிதான். இவற்றில் பாதி போல்ட்டுகள் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது.

முதல் விதி, மறைப்பதை முதலில் கழற்றுங்கள். சக்கரம், மட்கார்டு, சைலன்சர் தகடு ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்தாலே பல நேரம் வழி கிடைத்துவிடும். சந்துக்குள் கையை விட்டு ஒரு மணி நேரம் போராடுவதைவிட, சக்கரத்தைக் கழற்றும் பத்து நிமிடம் லாபம்.

எண்ணெய் விட முடியாத இடத்துக்கு உங்கள் தோட்டத்திலேயே கருவி இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தின் மைக்ரோ டியூபில் ஒரு முழம் வெட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் செருகுங்கள். போல்ட்டின் மேலேயே சொட்டுச் சொட்டாக விடலாம். ஸ்பேனர் எங்கே உட்காருகிறது என்று பார்க்க, செல்போன் கேமராவை வீடியோவில் வைத்து உள்ளே நீட்டுங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் போதும்.

நேராகப் போக வழியிருந்தால் சாக்கெட்டோடு நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு போடுங்கள். வளைந்து போக வேண்டுமானால் நடுவில் யுனிவர்சல் ஜாயிண்ட் சேர்க்கலாம். ஆனால் ஜாயிண்ட் அதிகம் வளைந்தால் சாக்கெட் நழுவித் தலையை மழுக்கும். முதல் பிடியை உடைக்க நேரான ராடும், பிறகு சுற்றி எடுக்க ஜாயிண்ட்டும் நல்லது. கழன்ற நட்டு உள்ளே விழாமல் இருக்க, சாக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைத்து அழுத்துங்கள்.

அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது திசை குழம்பும். போல்ட்டின் தலையை அல்லது நட்டை நேருக்கு நேர் பார்ப்பதாக மனதில் நினையுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். தெரியாமல் இறுக்கி முறித்த போல்ட்டுகள் ஏராளம். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரையாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தலை மழுங்கினால், போல்ட் முறிந்தால்

தலை மழுங்கினால் அரத்தால் இரண்டு பக்கத்தைத் தேய்த்து, ஒரு அளவு சிறிய ஸ்பேனரைத் தட்டி ஏற்றுங்கள். அதுவும் நழுவினால் நட்டை வெட்டி எடுப்பதே நல்லது. உளியால் நட்டின் ஒரு பக்கத்தைப் பிளக்கலாம். குறுகிய இடத்தில் ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து அறுக்கலாம். கிரைண்டர் போட்டால் பொறி பறக்கும் திசையில் டேங்க்கோ, வைக்கோலோ, சாக்கோ இருக்கக்கூடாது.

துளைக்குள் போல்ட் முறிந்துவிட்டால், அதன் மேல் புது நட்டு ஒன்றை வைத்து நடுவில் வெல்டிங் வைப்பது பட்டறைக்காரர்களின் பழைய உத்தி. பிடிப்பும் கிடைக்கிறது, வெல்டிங் சூட்டில் துருவும் இளகுகிறது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். முறிந்த போல்ட்டில் துளையிட்டு ஈசி-அவுட் போட்டு எடுப்பது அனுபவம் உள்ளவர் வேலை. அந்த ஈசி-அவுட் கடினமானது, எளிதில் ஒடியும். உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது.

நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து, கனரக இயந்திரங்களில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் இருக்கிறார்கள். முறிந்த போல்ட்டோடு நிற்கும்போது, அடுத்த அடி அடிப்பதற்கு முன் அப்படி ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதவை

* முந்திரிக்கொட்டை எண்ணெயைத் துரு இளக்கத் தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும். சூடு பட்டால் கெட்டியாகிப் பிசின்போல் ஒட்டும். இந்தக் குணத்துக்காகவே பிரேக் லைனர் தயாரிப்பில் அதன் பிசினைச் சேர்க்கிறார்கள். இறுகிய போல்ட்டை அது இன்னும் இறுக்கும்.
* ஸ்பேனரில் நீளமான பைப் செருகி வெட்டி இழுக்காதீர்கள். பைப் போட்டே ஆக வேண்டும் என்றால் மெதுவாக, சீராக அழுத்துங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பதும் வேண்டாம்.
* சக்கர நட்டை வண்டியைத் தூக்கிய பிறகு தளர்த்தாதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

திரும்பப் போடும்போது

கஷ்டப்பட்டுக் கழற்றிய போல்ட்டையே துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். துருவில் கழுத்து தேய்ந்திருக்கும், சூடேற்றியதில் உறுதி குறைந்திருக்கும். புது போல்ட் வாங்கும்போது பழையதின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் வலிமை. 8.8 என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் வரை இழுவிசையைத் தாங்கும் எஃகு. எண் இல்லாத சாதாரண போல்ட்டைப் பலகைக்குப் போடலாம். பட்டைக்கும் சஸ்பென்ஷனுக்கும் அதே எண்ணுள்ள போல்ட்தான் போட வேண்டும்.

மரையில் காப்பர் கிரீஸ் அல்லது சாதாரண கிரீஸ் மெல்லியதாகத் தடவி இறுக்கினால் அடுத்த முறை எளிதாகக் கழலும். சக்கர நட்டுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். வழுக்கலால் அளவுக்கு மீறி இறுகி ஸ்டட் நீண்டுவிடும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

மறுபடி துரு ஏறாமல் இருக்க

உரம் ஏற்றி இறக்கிய அன்றே முதலில் துடைப்பத்தால் தூளைக் கூட்டி எடுங்கள், பிறகு அடிப்பாகம் வரை தண்ணீர் அடித்துக் கழுவி வெயிலில் காய விடுங்கள். தூளைக் கூட்டாமல் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தெளித்தால் உப்பு கரைந்து இடுக்கில் இன்னும் ஆழமாக இறங்கும். உரம் ஏற்றும்போது பலகையில் தார்ப்பாய் விரித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். வெளியே நீட்டிய மரைகளுக்குக் கிரீஸ் பூசி வையுங்கள்.

பழைய போல்ட்டுகளைத் தொடுவதற்கு ஏற்ற காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், முந்திரி இன்னும் விழத் தொடங்கியிருக்காது. ஒரு நாள் ஊறவிட்டு மறுநாள் கழற்ற அப்போதுதான் நேரம் இருக்கும். பங்குனியில் பலா லோடோடு வழியில் நின்றுவிட்டால் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்க முடியாது, அவசரத்தில் முறியத்தான் செய்யும். ரொட்டவேட்டர் கத்தி, கொழுக் கலப்பை, பவர் டில்லர் ஆகியவற்றின் போல்ட்டுகளுக்கும் இதே வரிசைதான். கருவிகளைப் பற்றிய சந்தேகங்களுக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தையோ, விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.